வலது காலுக்குக் காற்று

பீம்ராவ் டிங்கர் வேலை பார்ப்பவர். மோதி நசுங்கின காரைத் தட்டி நிமிர்த்துவது தொழில். வீடு வியாசர்பாடி ஹவுசிங் போர்டில், மூன்றாவது மாடி. வேலை கொருக்குப்பேட்டையில், கூட்ஸ் யார்டு மதிலை ஒட்டிய பழைய பருப்புக் கிடங்கில். 2003-ல் அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. கேட்டதற்குப் பதில் சொல்வார், கேட்காததைச் சொல்லமாட்டார். இங்கே சொல்லப்போகிற சங்கடமெல்லாம் அவர் ஒரே ஒரு தடவை கேட்காததைச் சொன்னதால் வந்தது.

கிடங்கு அருள்பிரகாசத்துக்குச் சொந்தம். சமையல் எண்ணெய் இறக்குமதி செய்கிற குடும்பம். கையில் காசு சேர்ந்தால் சிலருக்குக் கோயில் கட்டத் தோன்றும், சிலருக்குக் கட்சியில் சேரத் தோன்றும். இவருக்குப் பழைய கார் பைத்தியம் பிடித்தது. அதிலும் ஒரிஜினல் பைத்தியம். கம்பெனிக்காரன் ஐம்பது வருஷத்துக்கு முன்னால் எந்த இடத்தில் எந்த ஸ்க்ரூவைப் போட்டானோ அந்த இடத்தில் அந்த ஸ்க்ரூவே இருக்க வேண்டும். நடுவில் வேறு யாராவது ஒரு ஓட்டை போட்டிருந்தால், அந்த ஆள் செத்தே போயிருந்தாலும் அவனுக்குத் திட்டு விழும்.

அந்த வருஷம் மாசி மாதத்தில் ராயபுரத்திலிருந்து லாரியில் ஒரு கார் வந்து இறங்கியது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார். பதினெட்டு வருஷம் ஒரு வீட்டு வராந்தாவில் கோழிகளுக்குக் கூடாக இருந்தது. அதன் பெயரும் கம்பெனியும் நமக்கு வேண்டாம். தெரிந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். உள்ளே இருந்த குப்பையை வாரச் சொல்லி அருள்பிரகாசம் பீம்ராவிடம் சொன்னார். பீம்ராவ் டார்ச் லைட்டோடு உள்ளே தலையைக் கொடுத்தார். ஆக்சிலேட்டருக்கு வலது பக்கத்தில், கால் வைக்கிற இடத்தின் சுவரில், ஒரு தகரப் பெட்டி. அதன் முகத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மூடி. மூடிக்கு ஒரு சின்னப் பித்தளைப் பிடி.

பீம்ராவ் பிடியைத் தள்ளினார். மூடி திறந்தது. இருபத்தாறு வருஷம் கழித்தும் கிறீச்சென்று ஒரு சத்தம் இல்லை. மூடிவிட்டு மறுபடி தள்ளிப் பார்த்தார். அந்தப் பெட்டி அவர் செய்தது.

1977-ல் பீம்ராவ் ஹார்பரில் ஒரு கான்ட்ராக்டரிடம் தகர வேலை செய்துகொண்டிருந்தார். ரிப்பேருக்கு வந்து நிற்கும் கப்பல்களில் ஆட்கள் படுக்கிற கேபின்களுக்குக் காற்று கொண்டுபோகிற தகரக் குழாய்கள் உப்பில் அரித்துப்போயிருக்கும். அதைக் கழற்றிப் புதிதாகச் செய்து மாட்டுவது வேலை. அப்போது இந்தக் காரை வைத்திருந்தவர் ஒரு கப்பல் ஏஜெண்ட். தினமும் ராயபுரத்திலிருந்து எண்ணூருக்கு இதில்தான் போய்வருவார். குளிர் தேசத்துக்காகச் செய்த கார். காற்று வரக் கண்ணாடிக்கு முன்னால் ஒரு சின்ன மடிப்புக் கதவு, அவ்வளவுதான். இன்ஜின் சூடு முழுக்க வலது காலில் இறங்கும். எண்ணூர் போய்ச் சேருவதற்குள் ஷூவுக்குள் கால் வெந்துபோகிறது என்று ஏஜெண்ட் மேஸ்திரியிடம் புலம்பினார். மேஸ்திரி பீம்ராவைக் கைகாட்டினார்.

பீம்ராவுக்குக் கார் தெரியாது, கப்பல்தான் தெரியும். ஆகவே கப்பலுக்குச் செய்வதையே செய்தார். வலது முன்சக்கரத்துக்கு மேலே உள்ள சுவரில் காற்றுக்கு ஒரு வாய் வெட்டினார். அங்கிருந்து ஓட்டுபவரின் காலடிக்கு இந்தப் பெட்டி. காற்றோடு அலைத் தண்ணீர் உள்ளே வராமலிருக்கக் கப்பலில் குழாய்க்குள் ஒரு குறுக்குத் தகடு வைப்பார்கள்; காற்று அதைச் சுற்றிக்கொண்டு போகும், தண்ணீர் அதில் முட்டிக் கீழே விழுந்து ஒரு சின்னக் குழாய் வழியாக வெளியே போய்விடும். சாலையில் போகிற காருக்கு அலை எங்கிருந்து வரும் என்று அவர் யோசிக்கவில்லை. குறுக்குத் தகடும் வைத்தார், விரல் பருமனில் வடிகுழாயும் வைத்தார். அதோடு ஒரு தப்பும் செய்தார். அந்தக் காரில் எல்லாப் பிடியும் இழுத்தால் திறக்கும். அவர் பார்த்த கப்பல் கேபின்களில் தள்ளினால்தான் திறக்கும். பீம்ராவ் தள்ளினால் திறக்கும்படி வைத்துவிட்டார். ஏஜெண்ட் முதல் நாள் பிடியை நன்றாக இழுத்து மூடிக்கொண்டு எண்ணூர் வரைக்கும் வெந்துபோய், திரும்பி வந்து ஹார்பர் வாசலில் நாலு பேருக்கு நடுவில் பீம்ராவை வாங்கு வாங்கென்று வாங்கினார். பிடி எப்படி என்று பிறகு தெரிந்துகொண்டார். ஒரு மாதம் கழித்து ஒரு பெட்டி பிஸ்கட் கொடுத்தனுப்பினார்.

பிறகு கான்ட்ராக்டர் கடையை மூடினார். பீம்ராவ் திருவொற்றியூர் ஹைரோட்டில் டிங்கர் ஷெட்டுகளில் இருபது வருஷம் கழித்துவிட்டு அருள்பிரகாசத்திடம் வந்து சேர்ந்தார். காரும் எங்கெங்கோ சுற்றிவிட்டு அதே இடத்துக்கு வந்தது.

பெட்டியை அடையாளம் கண்டவர் அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காரணம் பயம். அதே நாளில் அருள்பிரகாசம் ரேடியோ ஏரியலுக்காக எவனோ போட்ட ஓட்டையைப் பார்த்துவிட்டு, அவனுடைய ஏழு தலைமுறையையும் இழுத்துக்கொண்டிருந்தார். ஏரியல் ஓட்டை விரல் நுழையாத அளவு. பீம்ராவ் வெட்டிய வாயில் ஒரு சொம்பு நுழையும். அவர் குப்பையை வாரிவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து இக்னேஷியஸ் வந்தார். ரயில்வேயில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், ராயபுரத்துக்காரர், பழைய கார் சங்கத்தின் போட்டிகளில் மார்க் போடுகிறவர். நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் தப்பாகச் சொல்லும்போது எதிர்த்துப் பேசுவது கஷ்டம், அது ஒன்றுதான் அவரிடம் குறை. அந்தக் காரின் உதிரி பாகப் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்து, பைண்டு செய்து கையில் வைத்திருந்தார். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் பெட்டியின் முன்னால் நின்றார். புத்தகத்தில் அப்படி ஒன்று இல்லை. பீம்ராவ் பின்னால் நின்றுகொண்டு, இன்றோடு நம் வேலை போயிற்று என்று நினைத்தார்.

இக்னேஷியஸ் ஒரு மக்கில் தண்ணீர் கேட்டார். வெளி வாயில் ஊற்றினார். தண்ணீர் வடிகுழாய் வழியாகத் தரையில் கொட்டியது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. இன்னொரு மக் ஊற்றினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பெட்டியின் மூலைகளைக் கட்டை விரலால் தடவினார். தகரம் மூன்று பக்கமும் வளைகிற மூலை, ஒரு சுருக்கம் இல்லாமல் முட்டை ஓடு போல இருந்தது. இது மழை அதிகமான தேசங்களுக்கு அனுப்புவதற்காகக் கம்பெனியே தனியாகச் செய்தது என்றும், இப்படிச் சில கார்கள்தான் வந்திருக்க வேண்டும் என்றும், பிடி தலைகீழாக இருப்பதே அதற்குச் சாட்சி என்றும் சொன்னார். இங்கே உள்ளவன் செய்திருந்தால் மற்றப் பிடிகளைப் பார்த்து அதே மாதிரிதானே வைத்திருப்பான் என்று அவர் கேட்டது நியாயமான கேள்விதான். அருள்பிரகாசம் சந்தோஷத்தில் கிடங்கில் இருந்த எல்லோருக்கும் பிரியாணி வரவழைத்தார்.

பீம்ராவும் சாப்பிட்டார். வேலை போகவில்லை என்ற நிம்மதி பிரியாணி முடிகிற வரைக்கும் இருந்தது. அப்புறம் வேறு ஒன்று ஆரம்பித்தது. அவரை வாழ்நாளில் யாரும் அப்படிப் புகழ்ந்ததில்லை. இப்போது புகழ்ந்திருக்கிறார்கள், ஆனால் புகழ் போய்ச் சேர்ந்த இடம் இங்கிலாந்து. அது தன் கை வேலை என்று அந்த இரண்டு பேருக்கும் தெரிந்தால் போதும் என்று இருந்தது. வேறொன்றும் வேண்டாம்.

வீட்டில் கெங்கம்மாவிடம் சொன்னார். கெங்கம்மா அவர் மனைவி, கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் ஆயா. கல்யாணமான புதிதில் பீம்ராவ் சிமெண்ட் பையின் காகிதத்தை வீட்டுத் தரையில் விரித்து அந்தப் பெட்டிக்கு அளவு வெட்டியது அவளுக்கு நினைவிருந்தது. ஏஜெண்ட் திட்டியதற்கு அன்று இவர் சாப்பிடாமல் படுத்ததும் நினைவிருந்தது.

“சொல்லு, வோணாம்னு சொல்லல. ஆனா நம்ப மாட்டானுங்கோ. நம்பலன்னா உனுக்குதான் பேஜாரு” என்றாள்.

திங்கட்கிழமை காலையில் பீம்ராவ் சொல்லிவிட்டார். அருள்பிரகாசம் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, இரண்டு மாதமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். திட்டுவீர்கள் என்று பயந்தேன் என்பதை பீம்ராவால் சொல்ல முடியவில்லை. அருள்பிரகாசம் இக்னேஷியஸுக்குப் போன் போட்டார். இக்னேஷியஸ் ஆட்டோ பிடித்து வந்தார். விஷயத்தை அவர் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, அதையும் சொல்ல வேண்டும். வரைபடம் எது, அச்சு எது, எந்த மிஷினில் வளைத்தது என்று வரிசையாகக் கேட்டார். வரைபடம் சிமெண்ட் பை, அச்சு ஒரு பழைய படகின் துடுப்புக் கட்டை, மிஷின் கிடையாது சுத்திதான் என்று பீம்ராவ் வரிசையாகப் பதில் சொன்னார். ஒவ்வொரு பதிலும் உண்மை. ஒவ்வொரு பதிலிலும் இக்னேஷியஸுக்கு நம்பிக்கை குறைந்தது.

“நீ பொய் சொல்றன்னு நான் சொல்லல, பீம்ராவ். அப்ப நீ இதை ரிப்பேர் பண்ணியிருப்ப. இத்தனை வருஷத்துல ரிப்பேர் பண்ணதே செஞ்சது மாதிரி ஞாபகத்துல ஆயிடும். எனக்கே ஆயிருக்கு” என்றார்.

பீம்ராவ் கடைசியாக ஒன்று சொன்னார். உள்ளே இருக்கிற குறுக்குத் தகடு வனஸ்பதி டின்னில் வெட்டியது. டின்னின் மஞ்சள் எழுத்து அதில் இன்னும் இருக்கும். பதினொரு ரிவெட்டை எடுத்துவிட்டால் எல்லோரும் பார்க்கலாம். அருள்பிரகாசம் காருக்கும் பீம்ராவுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார். ஒரிஜினல் ரிவெட்டைத் தொட்டால் மரியாதை கெட்டுவிடும் என்றார். பேச்சு அதோடு முடிந்தது.

ஒருநாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது பீம்ராவ் டிரில்லை எடுத்துக்கொண்டு காருக்குள் போனதும் உண்டு. முதல் ரிவெட்டின் தலையில் வைத்தார். ஸ்விட்சை அழுத்தவில்லை. திறந்தால் நிரூபிக்கலாம், ஆனால் திறந்த பெட்டியை மறுபடி மூடினால் அது பழைய பெட்டியாக இருக்காது. தான் செய்ததிலேயே நன்றாக வந்தது அது ஒன்றுதான் என்பது அவருக்குத் தெரியும். அதைத் தானே போய்க் கெடுப்பதா? டிரில்லைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினார்.

தை மாதம் சங்கத்தின் போட்டியில் கார் முதல் பரிசு வாங்கியது. இக்னேஷியஸ் சங்கப் பத்திரிகையில் பெட்டியைப் பற்றி ஒரு பக்கம் எழுதினார். கல்கத்தாவிலிருந்து ஒருவர், என் காரில் அந்தப் பெட்டி இல்லையே, எப்போது காணாமல் போயிருக்கும் என்று கவலைப்பட்டுக் கடிதம் போட்டார். இது இப்படியே போயிருக்கும். ஆனால் சித்திரையில் அருள்பிரகாசம் அதே மாடலில் இன்னொரு கார் வாங்கினார். அதில் பெட்டி இல்லை, எப்படி இருக்கும்? இப்போது அது ஒரு குறையாகிவிட்டது. ஒரிஜினலாக இருக்க வேண்டியது இல்லை. அருள்பிரகாசம் பீம்ராவைக் கூப்பிட்டு, முதல் காரில் இருக்கிற மாதிரியே ஒன்று செய்ய முடியுமா என்று கேட்டார்.

பீம்ராவ் அன்றைக்கு வீட்டுக்கு வேகமாக நடந்துபோனார். கெங்கம்மாவிடம், இனிமேல் நான் வாயைத் திறக்க வேண்டிய வேலையே இல்லை என்றார். இரண்டு பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் கண் இருக்கிறவனுக்குத் தெரிந்துவிடும், ஒரே கை என்று. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் அவ்வளவு பேசி அவள் கேட்டு ரொம்ப நாள் ஆயிற்று.

பதினொரு நாள் வேலை. சிமெண்ட் பையெல்லாம் இப்போது பிளாஸ்டிக் ஆகிவிட்டதால் காலண்டர் அட்டையில் அளவு வெட்டினார். வாய் சரியாக வந்தது. குறுக்குத் தகடு சரியாக வந்தது. பிடியைத் தள்ளினால் திறக்கும்படியே வைத்தார், இந்தத் தடவை தெரிந்தே. தண்ணீர் ஊற்றினால் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. மூலைதான் வரவில்லை. மூன்று பக்கமும் வளைகிற இடத்தில் தகரம் மெல்லிசாகச் சுருங்கியது. சூடு காட்டித் தட்டினார், சூடு இல்லாமல் தட்டினார். ஒன்றைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று, அதையும் போட்டுவிட்டு இன்னொன்று. ஐந்தாவதில் மூன்று கோடு இருந்தது, முடி பருமனில். ஐந்தையும்விட அதுதான் நன்றாக இருந்தது.

ஏன் வரவில்லை என்பது அவருக்குப் புரியாமல் இல்லை. டிங்கர் வேலை என்றால் தட்டித் தட்டி முக்கால்வாசி கொண்டுவந்து, மீதிக்குப் பட்டி பூசி, தேய்த்து, பெயிண்ட் அடிப்பது. பட்டி எல்லாவற்றையும் மூடும். வண்டிக்காரனும் சாயங்காலமே வேண்டும் என்பான். இருபது வருஷம், ஒரு நாளைக்கு இரண்டு வண்டி. கை முக்கால்வாசியிலேயே நிற்கப் பழகிவிட்டது. பீம்ராவ் ஐந்தாவது பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மதில் ஓரமாக உட்கார்ந்தார். கூட்ஸ் வண்டி ஒன்று முழுசாகக் கடந்து போகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. அவருக்கு அவமானமாக இருந்தது. யாரும் இன்னும் எதையும் பார்க்கவில்லை, அப்போதே அவமானமாக இருந்தது.

சனிக்கிழமை இக்னேஷியஸ் வந்தார். புதுப் பெட்டியைப் பழைய பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அளவுகோல் வைத்தார், தண்ணீர் ஊற்றினார், ரிவெட்டுகளை எண்ணினார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றினார். பழைய மூலையில் கட்டை விரலை வைத்தார், பிறகு புது மூலையில் வைத்தார். மறுபடி பழைய மூலையில் வைத்தார். பீம்ராவுக்கு அந்த விரல் எங்கே நிற்கும் என்று தெரியும். அங்கேதான் நின்றது.

“நல்ல வேலை, பீம்ராவ். இந்த ஊர்ல வேற யாரும் இவ்வளவு கிட்ட வர முடியாது. நிஜமா சொல்றேன்” என்றார் இக்னேஷியஸ். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, குத்திக்காட்டுவதற்காக இல்லாமல், மனதில் கிடக்கிற ஒன்றைத் தீர்த்துக்கொள்கிறவர் போலக் கேட்டார். “இப்ப நீயே பாத்துச் சொல்லு. அந்தப் பழசு நீ பண்ணதா?”

அருள்பிரகாசமும் திரும்பிப் பார்த்தார். இது வேறு தகரம் என்று பீம்ராவ் சொல்லியிருக்கலாம்; அது உண்மையும்கூட, இப்போது வருகிற தகரம் அவ்வளவு வளைந்துகொடுக்காது. பட்டியைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். மடக்கிக் கேட்டால் கெங்கம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தியிருக்கலாம். அவர் இரண்டு மூலைகளையும் பார்த்தார்.

“இல்ல சார்” என்றார்.

இக்னேஷியஸ் அவர் தோளில் கை வைத்து, இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்றார். அருள்பிரகாசம் புதுப் பெட்டியை இரண்டாவது காரில் மாட்டச் சொன்னார். பீம்ராவ் சாயங்காலத்துக்குள் மாட்டி முடித்தார்.

வீட்டில் கெங்கம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். இன்னா சொன்னாங்கோ என்று கேட்டாள். பீம்ராவ் செருப்பைக் கழற்றிக்கொண்டே நடந்ததைச் சொன்னார். அவள் கோபப்படுவது அபூர்வம். அன்றைக்குக் கோபப்பட்டாள்.

“என் கண்ணெதுர்ல தரையில குந்திகினு வெட்டுனியே, அத்தப் போய் நீயே இல்லைன்ட்டியா? நாளிக்கி நான் வந்து சொல்றேன் அந்தாளாண்ட. நான் பாத்தேன்னு சொல்றேன். இன்னாத்துக்கு இல்லைன்ன?”

“வெட்டுன கைய காட்டுன்னாங்கோ” என்றார் பீம்ராவ். “காட்டுனேன். வரல.”

 அவர் கைகழுவப் போனார். கெங்கம்மா தட்டை எடுத்து வைத்தாள்.